நான்கு கால்களும் விறைத்து நடக்கும் குதிரை: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

கேள்வி (அந்தியூர் வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஏழு வயதுடைய கத்தியவாரிப் பெண் குதிரை ஒன்று இருக்கிறது. சில மாதங்களாக அதன் நடை மாறிவிட்டது. காலையில் கொட்டிலிலிருந்து வெளியே அழைத்து வரும்போது அடிகளை மிகவும் குறுக்கி வைக்கிறது. வட்டமாகத் திருப்பினால் உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகத் திருப்புகிறது. ஒரு வாரம் இடது முன்னங்காலில் நொண்டுவதாகத் தோன்றும். அடுத்த வாரம் அது வலது பின்னங்காலுக்குப் போய்விடும். எந்த மூட்டிலும் வீக்கம் தெரியவில்லை. லாடம் கட்டுபவர் லாடங்களைக் கழற்றிப் பார்த்து, குளம்பில் சீழோ ஆணிக் குத்தோ இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். வலிநிவாரணி ஊசி போட்டால் ஓரிரு நாள் நன்றாக நடக்கிறது, பிறகு பழைய நிலைதான். கோதுமைத் தவிடு, ஊறவைத்த கொள்ளு, எங்கள் தோட்டத்துக் கோ-4 நேப்பியர் புல் ஆகியவைதான் தீவனம். வாதம் என்று ஒருவரும் இடுப்புப் பிடிப்பு என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்ல வேண்டும்?

மறுமொழி 1 (குதிரை வளர்ப்பவர், கோவை)

ஐயா, மருத்துவர் வருவதற்கு முன் வலிநிவாரணி கொடுக்காதீர்கள். ஊசியின் வேகத்தில் நடக்கும் குதிரையைப் பார்த்து எவராலும் எதையும் கண்டுபிடிக்க இயலாது.

கடினமான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, மெதுவோட்டத்தில் நேராக ஓடவிட்டுக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பெலும்பின் இரு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு முன்னங்கால்களும் சமமாக வலித்தால் தலையசைவே இராது, அடிகள் குறுகுவது மட்டும்தான் தெரியும். அதனால்தான் இத்தகைய குதிரைகளைத் தோள்பிடிப்பு என்று பலர் தவறாகக் கணித்துவிடுகிறார்கள்.

குளம்புக்குச் சற்று மேலே, கணுவின் பின்பக்க ஓரத்தில் விரல் வைத்து நாடியையும் பாருங்கள். அது பலமாக அடித்து, குளம்பும் சூடாக இருந்து, குதிரை முன்கால்களை நீட்டிப் பின்சாய்ந்து நின்றால் குளம்பு அழற்சி என்று கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மறுமொழி 2 (கால்நடை மருத்துவர்)

நொண்டல் ஒரே காலில் நிலைத்திருந்தால், குளம்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு நரம்பாக மரத்துப்போகச் செய்து, எந்த இடத்தை மரக்கச் செய்தபோது நொண்டல் மறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. கால் மாறி மாறி நொண்டும் குதிரைக்கு அது பெரிதும் உதவாது. இங்கே உடல் முழுவதையும் பாதிக்கும் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். ஆகவே மூன்று செய்திகளை உறுதி செய்து எழுதுங்கள்.

முதலாவது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். காதுகள் விறைத்து, வால் தூக்கி, கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை வெளியே தள்ளினால் அது அவசர நிலை. மாதக்கணக்கில் நீடிப்பதால் உங்கள் குதிரைக்கு அது இருக்க வாய்ப்பில்லை, ஆயினும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, வேலைக்குப் பின் தொடையும் இடுப்பும் கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா? அப்படியானால் தசை சிதைகிறது என்று பொருள். இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ், ஏஎஸ்டி ஆகிய இரு நொதிகளும் உயர்ந்திருக்கும். மூன்றாவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, அடிவயிற்று வீக்கம், பின்னங்கால் தளர்ச்சி. நம் ஊர்க் குதிரைகளில் இவற்றைக் கண்டால் மாட்டு ஈக்கள் பரப்பும் சர்ரா நோயை ஒருபோதும் மறக்கக் கூடாது. 1880இல் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் அதன் ஒட்டுண்ணியை முதலில் கண்டறிந்ததே குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில்தான். காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் இரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தத் துளி) எடுத்தால் அது அகப்படும் வாய்ப்பு அதிகம்.

கூடவே, தீவனத்தை எப்படி மெல்லுகிறது என்றும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, டாக்டர். மூன்றாவது இமை வெளியே வரவில்லை, தடுப்பூசி போட்டிருக்கிறேன். சிறுநீர் நிறம் மாறவில்லை. காலை, மாலை இரு வேளையும் வெப்பமானியில் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஆனால் கொள்ளை மெல்ல முன்னைவிட நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது, பாதியை உதிர்த்தும் விடுகிறது. தாங்கள் கேட்ட பிறகு முகத்தைத் தடவிப் பார்த்தேன். கன்ன எலும்பின் மேட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் சற்று உப்பினாற்போல் கைக்குத் தட்டுப்படுகிறது.

மறுமொழி 3 (கால்நடை மருத்துவர்)

அந்த உப்பலும் உங்கள் தீவனப் பட்டியலும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன: சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போதாமல் எலும்பு வலுவிழக்கும் நோய். குதிரையின் தீவனத்தில் பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக, ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக இருக்க வேண்டும். கோதுமைத் தவிட்டில் இது தலைகீழ். சுண்ணாம்பைப் போல் பல மடங்கு பாஸ்பரஸ் அதில் இருக்கிறது. போதாததற்கு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட், இருக்கும் சுண்ணாம்பையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் அதே புல்லைத் தின்னும் மாடு பெரும்பாலும் நலமாக இருக்கும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. உணவில் கிடைக்காத சுண்ணாம்பை இணைத்தைராய்டு சுரப்பி (இரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைக் காப்பது) எலும்பிலிருந்து உருவி இரத்தத்துக்குக் கொடுக்கிறது. எலும்பும், தசைநாண்கள் அதில் பற்றும் இடங்களும் வலுவிழப்பதால்தான் வலி காலுக்குக் கால் மாறுகிறது. முகம் வீங்குவது நோய் முற்றும்போது வருவது. நீங்கள் கையால் தடவி அறியும் கட்டத்திலேயே கண்டது நல்லது.

ஆனால் இது இன்னும் ஐயம்தான், உறுதியான முடிவன்று. சோதனையில் ஒரு சிக்கல் உண்டு: இரத்தத்தில் சுண்ணாம்பு அளவு இயல்பாகவே காட்டலாம், ஏனெனில் எலும்பு அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி நோயில்லை என்று விட்டுவிடாமல், இரத்தத்தையும் சிறுநீரையும் ஒரே வேளையில் எடுத்து, சிறுநீரில் கழியும் பாஸ்பரஸின் விகிதத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கலாம், எனினும் எலும்பின் தாதுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான் படத்தில் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக முடிந்தால் இவற்றோடு இரத்தப் பூச்சையும் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வரும் வரை காத்திராமல் தவிட்டைக் குறைத்து நிறுத்துங்கள். நேப்பியருக்குப் பதிலாகக் காய்ந்த அறுகம்புல்லும் குதிரைமசாலும் கொடுங்கள். வயிற்று வலி வந்துவிடாமலிருக்க, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். தீவனத் தரத்துச் சுண்ணாம்புக்கல் தூளை உடல் எடைக்கேற்ப உங்கள் மருத்துவர் அளந்து சொல்லட்டும். கடையில் டைகால்சியம் பாஸ்பேட் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் பாஸ்பரஸும் சேர்ந்து வருகிறது.

நடை சில வாரங்களில் இலகுவாகலாம், எலும்பு தேறப் பல மாதங்கள் ஆகும். வலி குறைந்ததைப் பார்த்து உடனே சவாரி செய்யவோ வண்டியில் பூட்டவோ வேண்டாம். வலுவிழந்த எலும்பு சிறு இடறலிலும் முறியும். அதுவரை மண்தரை அடைப்பில் தன் விருப்பம்போல் நடமாட விடுங்கள்.