மறு: ஹுன்துன் என்ற சீனச் சொல் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'ஒழுங்கின்மை' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, அது ஒத்துவராது. ஒழுங்கின்மை என்றால் இருந்த ஒழுங்கு கெட்டுப்போனதுபோல ஆகிவிடும். ஹுன்துன் ஒழுங்குக்கே முந்தியது, எதுவும் பிரியாத நிலை. சுவாங்ட்சு என்ற பழைய சீனத் தாவோ நூலின் ஏழாம் இயலில் கடைசியாக வரும் கதையைப் பாருங்கள். தென்கடல் அரசன் ஷு, வடகடல் அரசன் ஹு. இரண்டு பெயரையும் சேர்த்தால் 'சட்டென்று' என்று பொருள். நடுநாட்டு அரசன் ஹுன்துன் இருவரையும் நன்றாக உபசரிக்கிறான். கைம்மாறு செய்ய வேண்டுமே! பார்க்க, கேட்க, உண்ண, மூச்சுவிட எல்லாருக்கும் ஏழு துளை இருக்கிறது, இவனுக்கு மட்டும் இல்லை என்று நாளுக்கொன்றாகத் துளைக்கிறார்கள். ஏழாம் நாள் ஹுன்துன் செத்துப்போகிறான். அவ்வளவுதான் கதை. விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. நூலின் முதற்பகுதியான 'அகவியல்கள்' ஏழும் அதோடு முடிகின்றன. காரணம் கேட்டு வாசகர் துளைப்பார் என்று தெரிந்தே விட்ட மாதிரி இருக்கிறது.

> அருவம்?

சைவ சித்தாந்தம் அருவம், அருவுருவம், உருவம் என்று அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, ஹுன்துனுக்கு உடம்பு உண்டு, வீட்டுக்கு விருந்தாளிகளும் வருகிறார்கள். இல்லாதது முகம்தான். ஷான்ஹாய்சிங் என்ற பழைய சீன நூலில் ஆறு காலும் நான்கு இறக்கையுமாக, மஞ்சள் பைபோல ஒரு தெய்வம் வருகிறது. அதன் முகமில்லாத் தோற்றத்தைச் சொல்லவும் இதே சொல்தான். ஆனால் அதற்கு ஆடவும் பாடவும் தெரியுமாம்!

என் பரிந்துரை: தொன்மயக்கம். 'நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்' என்கிறது தொல்காப்பிய மரபியல். கலந்து பிரிவு தெரியாமல் கிடப்பதுதான் அங்கே மயக்கம். அதற்கும் முந்தைய, ஐந்து என்று எண்ணவே முடியாத நிலைக்குத் 'தொன்' சேர்த்தேன். தொன்மம் பக்கத்தில் நிற்பதால் கதை பேசும்போதும் உறுத்தாது.

---

> தொன்மயக்கம்

மயக்கம் என்றதும் சோடா தெளிக்க ஓடி வருவார்களே?

---

வரட்டும். திணைமயக்கம், மெய்ம்மயக்கம் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள், அங்கே யாரும் சோடா தேடுவதில்லை. ஆனால் ஒன்று: கதைக்குள் அது ஆளின் பெயர். 'தொன்மயக்கம் செத்துப்போனான்' என்று எழுத முடியாது. அங்கே ஹுன்துன் என்றே இருக்கட்டும், கட்டுரையில் மட்டும் தொன்மயக்கம். அப்புறம், எல்லையற்ற ஆதிநிலையைச் சொல்லும் இன்னொரு சீனச் சொல்லான 'வூஜி'க்கு முடிவிலி வேண்டாம், அது கணக்குக்காரர்கள் சொத்து. எல்லையிலி எப்படி?