மதுவிலக்கு இருந்த பம்பாயில் எங்கள் வீடுகள்

தாராவியிலிருந்து:

பம்பாயில் மதுவிலக்கு இருந்தது என்றால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 1949-ல் சட்டம் வந்தது, 1950-லிருந்து முழு விலக்கு. மொரார்ஜி தேசாய் முதலில் உள்துறை அமைச்சர், பிறகு முதலமைச்சர். ஒளிந்து குடித்தவர்கள் கதை நிறைய வந்துவிட்டது. சாராயம் காய்ச்சின தெருவில் எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன்.

ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். தாத்தாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அந்தச் சம்பளத்தில் ஆறு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடியாது. எங்கள் வரிசையில் பல கோளிகளுக்கு, அதாவது ஒற்றை அறை வீடுகளுக்கு, இதே நிலைமைதான், அதனால் பல கோளிகள் ஊறலை நம்பிப் பிழைத்தன. கறுத்த வெல்லம், அழுகின பழம், நவச்சாரம் எல்லாம் போட்டு டிரம்மை மாகிம் கழிமுகச் சேற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். இரவில் செடி மறைவில் வைத்துக் காய்ச்சுவார்கள். விடிவதற்குள் லாரி டியூப்பில் நிரப்பி, சேலைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெண்கள் நடந்து வருவார்கள். டியூப் ரப்பர் நாற்றமும் புளித்த வெல்ல நாற்றமும் அம்மாவின் பழைய சேலைகளில் நெடுநாள் இருந்தன. எத்தனை தடவை சோடா போட்டுத் துவைத்தாலும் போகவில்லை.

வாங்க வருகிறவன் முன்னால் ஒரு துளியைத் தகரத்தில் விட்டுத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். நீலமாக நின்று எரிந்தால் சரக்கு நல்ல சரக்கு என்று அர்த்தம். அந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் குலை நடுங்குகிறது. விஷச் சாராயமான மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

போலீஸ் ஹவல்தாருக்கு வாரா வாரம் ஹப்தா, அதாவது மாமூல், போய்விடும். ஆனாலும் அவ்வப்போது கேஸ் காட்டியாக வேண்டும். தாத்தா உள்ளே போனால் வேலை போய்விடும் என்று ஆச்சிதான் போவாள். அன்றைக்கு அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாள், தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டுமே. அப்படிப் போய்ப் போய் ஐந்தாவதோடு அவள் படிப்பே நின்றது.

அதே ஊரில், அதே சட்டத்தில், டாக்டர் சீட்டு வாங்கி பர்மிட் எடுக்க வசதி இருந்தவர்களுக்கு வீட்டிலேயே பாட்டில் இருந்தது. இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் காலம் என்றாலே எல்லாரும் வரதராஜ முதலியார் பெயரைச் சொல்கிறார்கள். வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர் கள்ளச்சாராயத்தில் பெரிய ஆளானார், உண்மைதான். அந்தச் சாராயத்தை இடுப்பில் கட்டிச் சுமந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களைப் பற்றி எவர் எழுதினார்கள்?

செம்பூரிலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து மனது கனத்துவிட்டது. ஆனாலும் எங்கள் பாட்டிக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டிக்குச் சேலம். 1937-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை மூடின பிறகுதான் தாத்தா கூலிக்காசை முழுசாகக் கொண்டுவந்து பாட்டி கையில் கொடுத்தாராம். தீபாவளிக்குப் புதுச்சேலை எடுத்ததும், அடகு வைத்த தோட்டை மீட்டதும் அப்போதுதான். சாகும்வரை ராஜாஜியைக் குறை சொல்ல விடமாட்டாள். விலக்கே வேண்டாம் என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

குர்லாவிலிருந்து:

நான் தம்மாமில் வெல்டராக இருந்தேன். சவூதியில் 1952 முதலே தடை, நாடு முழுக்க. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. வேலை, தொழுகை, சாப்பாடு, வீட்டுக்கு போன், தூக்கம் என்று நாள் போய்விடும். குடிக்காத எனக்கு உண்மையில் நிம்மதியான இடம் அது, லேபர் கேம்ப்பில் அடிதடி குறைவு.

பயம் எல்லாம் ரூமில் ஒருத்தன் ஆரம்பித்தால்தான். எங்கள் ரூமில் ஒரு பையன் தண்ணீர் கேனில் திராட்சை ஜூஸை ஊறவைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தான். மூடியை லேசாகத் திறந்து வைத்திருந்ததால் ரூம் பூராவும் புளித்த வாடை. போலீஸ் வந்தால் யாருடைய கேன் என்றா கேட்பார்கள்? எல்லார் இக்காமாவும், அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையும், போகும், ஜெயில், பிறகு ஊருக்கு விமானம். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவறையில் கொட்டினோம். அவன் அழுதான், அதற்குமேல் அவனை யாரும் திட்டவில்லை. சித்தீக்கி என்று வெள்ளையாக ஒன்று வெளியில் விற்பார்கள், குடிநீர் பாட்டிலிலேயே வரும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. 2024 ஜனவரியில் ரியாத்தில் முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்கென்று கடை திறந்தார்கள் என்று படித்தபோது அக்கா சொன்ன பர்மிட் நினைவுக்கு வருகிறது.

மறுபடியும் தாராவியிலிருந்து:

செம்பூர் தம்பி, உங்கள் பாட்டி சொன்னதை நான் மறுக்கவில்லை. என் ஆச்சியும் குடிகாரனுக்கு வாக்கப்பட்டவள்தான், கடை மூடினால் அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள். எங்கள் தெருவில் கடை மூடவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இங்கே சட்டத்தைத் தளர்த்தினார்கள். கடைச் சரக்கு கூலிக்காரனுக்குக் கட்டுபடியாகவில்லை, காய்ச்சுவதும் நிற்கவில்லை. 2004-ல் விக்ரோலியில் கள்ளச்சாராயச் சாவுகள். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் நூறு பேருக்குமேல் செத்தார்கள், மெத்தனால். அங்கே என் சித்தி மகன் குடியிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் எழுந்து, கண் முன்னால் பனி மூடின மாதிரி இருக்கிறது என்றாராம். வாந்தி, வயிற்றுவலி. ராத்திரி போதை, தெளியட்டும் என்று படுக்கவைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்று கேட்டபோது, கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மனைவி வாயைத் திறக்கவில்லை.

மெத்தனால் விஷம் குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீக்கிரம் கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. கண் மங்குகிறது என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எங்கே வாங்கியது, எப்போது குடித்தது என்று டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.