கட்டியது 6,000 வெள்ளி, திரும்பியது 2,000: எப்படிப் பிரித்தால் நியாயம்?

ஈசூன்வாசி:
மூன்று குடும்பங்கள் சேர்ந்து டூருக்கு முன்பணம் கட்டியிருக்கின்றன: 1,000, 2,000, 3,000 வெள்ளி. ஏஜென்ட் கடையை மூடிவிட்டார், 2,000தான் கைக்கு வந்தது. முதல் குடும்பம் “சரிசமமாப் பிரிப்போம்” என்கிறது. மூன்றாவது, “கட்டினதுக்கு ஏத்த மாதிரி” என்கிறது. இரண்டாவது வீட்டில் ஒருவருக்கு வேலை போயிருக்கிறது, அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாமே என்றும் ஒரு பேச்சு. கேட்கக் கேட்க எல்லாமே நியாயமாகப் படுகிறது. எது சரி?

கணக்குப்பிள்ளை:
சமம் என்பதில் சண்டையில்லை, எதைச் சமமாக்குவது என்பதில்தான். கைக்கு வரும் தொகை சமம் என்றால் ஆளுக்கு 667. விகிதம் சமம் என்றால் வெள்ளிக்கு 33 காசு, அதாவது 333, 667, 1,000. யாரும் கேட்காத இன்னொன்றும் உண்டு: நட்டத்தைச் சமமாக்குவது. மொத்த நட்டம் 4,000, தலைக்கு 1,333 வரும். முதல் குடும்பம் கட்டியதே 1,000 என்பதால் அவர்களுக்குப் பூஜ்யம். மற்ற இருவருக்கும் 1,500 நட்டம் போக 500, 1,500.

ஒரு விதியைத் தேர்வதற்குமுன் அதில் யார் தந்திரம் செய்து கூடுதலாக வாங்க முடியும் என்று பாருங்கள். சமத்தொகை விதியில் மூன்றாவது குடும்பம் கணவன் பெயரில் 1,500, மனைவி பெயரில் 1,500 என்று எழுதினால் நாலு பங்காகி, அவர்களுக்கு 667க்குப் பதில் 1,000 கிடைக்கும். சமநட்டத்தில் தலைகீழ்: முதல் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சேர்ந்து 3,000 என்று கேட்டால் 500 இருந்த இடத்தில் 1,000 வரும். விகிதத்தில் பிரித்தாலும் சேர்த்தாலும் காசு அசையாது. கலைக்கப்படும் கம்பெனியிலும் ஊழியர் சம்பளம் போன்ற முன்னுரிமைக் கடன் போக, பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு இங்கே சிங்கப்பூரில் விகிதப்படிதான் தருகிறார்கள்.

தராசுமுள்:
விகிதம் மட்டும்தான் நியாயம் என்று முடித்துவிடாதீர்கள். யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத்தில் இதே கணக்கு இருக்கிறது: 100, 200, 300 கேட்பவர்கள் மூவர், இருப்பது 200. தீர்ப்பு 50, 75, 75. பல நூற்றாண்டு குழப்பத்துக்குப் பிறகு 1985இல் ஆமன், மாஷ்லர் என்ற இரு கணிதவியலாளர்கள் அதன் தர்க்கத்தை அவிழ்த்தார்கள். தகராறு இல்லாததை விட்டுக்கொடுத்துவிட்டு, தகராறில் உள்ளதை மட்டும் பாதியாக்குவது. உங்கள் கணக்கில் 500, 750, 750 வரும். முதல் இருவரை மட்டும் எடுங்கள்: சேர்த்து 1,250. முதல் குடும்பம் கேட்பது 1,000, ஆகவே 250 தகராறில்லாமல் இரண்டாமவருக்கு. மீதி 1,000இல் ஆளுக்கு 500. எந்த இருவரை எடுத்தாலும் பொருந்தும்.

ஆனால் இது எதிரெதிர் உரிமை கோருபவர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு, ஒரே ஏஜென்டிடம் ஒரே மாதிரி ஏமாந்தவர்களுக்குப் பொருந்தாது. இங்கே என் ஓட்டும் விகிதத்துக்கே.

உட்லண்ட்ஸ்காரர்:
வேலை போனதைப் பங்கில் கலக்காதீர்கள். அந்த வேலையை ஏஜென்ட் பறிக்கவில்லை. அதற்காகக் கூட்டிக் கொடுத்தால் மற்றவர் காசில் நாம் தர்மம் செய்வதாகிவிடும். முதலில் விகிதப்படி அவர்களுக்கு வரும் 667ஐக் கையில் கொடுங்கள். பிறகு மனமிருப்பவர் தன் பங்கிலிருந்து தரட்டும், அதைக் குரூப் சாட்டில் போட வேண்டாம்.

ஈசூன்வாசி:
நன்றி. ரசீது முதல் குடும்பத்தின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. அலைந்து திரிந்து 2,000 வாங்கியதும் அவர்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
ரசீதுப் பெயர் ஏஜென்டுக்குத்தான் கணக்கு. உங்களுக்குள் யார் எவ்வளவு அனுப்பினார் என்ற பேநவ் (வங்கிவழிப் பணமாற்று) பதிவே ஆதாரம். அலைந்த செலவை முதலில் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பிரியுங்கள், பிரித்தபின் அவர்கள் பங்கிலிருந்து கழித்தால் முழுச் செலவும் அவர்கள் தலையிலேயே விழும். பாக்கி 4,000க்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலில் (சிறு தொகை வழக்கு மன்றம்) 2 வருடத்துக்குள் பதியலாம், தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. கம்பெனி ஏற்கெனவே கலைப்பில் இருந்தால் அங்கே போகாமல் கலைப்பாளரிடம் (கம்பெனிச் சொத்தை விற்றுப் பிரிப்பவர்) உங்களுக்கு வர வேண்டிய தொகைக்கான கடன் சான்று கொடுங்கள். இனி வரும் காசும் இதே விகிதம் என்று இப்போதே எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். தொகை தெரிந்தபின் பேசினால் அவரவர் பாக்கெட்தான் பேசும்.