தீபஸின் மேலாதிக்கம் ஏன் பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை?

கேள்வி:
கி.மு. 371-இல் லியூக்ட்ரா போரில் ஸ்பார்ட்டாவை வீழ்த்திய கிரேக்க நகர அரசான தீபஸ், கி.மு. 362-க்குப் பின் கிரேக்கத்தின் தலைமையை இழந்தது. இதற்குத் தலைவர்களின் மரணம் மட்டும்தான் காரணமா?

மறுமொழி 1:
முதலில் அந்த வெற்றியின் தன்மையைப் பார்க்க வேண்டும். வலிமையான வீரர்களை வலப்பக்கம் நிறுத்துவதே வழக்கமாக இருந்த காலத்தில், தீபஸின் தளபதி எபமினோண்டாஸ் இடப்பக்கத்தில் 50 வரிசை ஆழத்திற்குப் படையைக் குவித்து, ஸ்பார்ட்டாவின் மன்னர் கிளியோம்புரோட்டஸ் நின்ற பகுதியையே தாக்கினார். மன்னர் இறந்தார், களத்திலிருந்த சுமார் 700 ஸ்பார்ட்டியக் குடிமக்களில் ஏறத்தாழ 400 பேர் மடிந்தனர். குடிமக்கள் தொகை ஏற்கெனவே சுருங்கியிருந்த நகரத்திற்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆயினும் அதைவிடப் பெரிய அடி, ஸ்பார்ட்டாவின் ஆளுகையில் இருந்த மெசீனியா பகுதிக்குப் பின்னர் தீபஸ் பெற்றுத்தந்த விடுதலை என்றே நான் கருதுகிறேன்; ஸ்பார்ட்டாவின் போர்வீரர்களுக்குச் சோறிட்டது ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமை உழவர்கள் உழுத அந்த நிலம்தான்.

மறுமொழி 2:
தீபஸின் மற்றொரு தலைவரான பெலோபிடாஸ் கி.மு. 364-இலும், எபமினோண்டாஸ் கி.மு. 362-இல் மாண்டினியா போரிலும் இறந்தது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே, தீபஸின் எழுச்சியைக் கண்டு அஞ்சிய ஏதென்ஸ் தன் பழம்பகைவரான ஸ்பார்ட்டாவுடன் கைகோத்திருந்தது. ஏதென்ஸுக்கு இருந்ததுபோலக் கப்பம் திரட்டும் பேரரசோ நிலையான கடற்படை வலிமையோ தீபஸுக்கு இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் மாசிடோனியாவின் பங்கு என்ன?

மறுமொழி 2:
அது பின்னர் வந்தது. இளமையில் தீபஸில் பிணையாளாக இருந்த மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பே கி.மு. 338-இல் கைரோனியாவில் அதைத் தோற்கடித்தார், கி.மு. 335-இல் அவர் மகன் அலெக்சாண்டர் நகரையே தரைமட்டமாக்கினார்.