எடைமேடை சர்வருக்கு உபுண்டு எல்டிஎஸ்ஸா, புது வெர்ஷனா?

கேள்வி (கடலூர் சிப்காட்):
எடைமேடையும் பில்லிங்கும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. சிஸ்டம் படுத்தால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிடுவார்கள். உபுண்டு லினக்ஸில் 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு உள்ள வெர்ஷன்) போடலாம் என்றிருந்தேன். வென்டரோ புது கெர்னல் (ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதி) வேண்டும், 25.10 போடுங்கள் என்கிறார்.

பதில்:
25.10-க்கு அப்டேட் ஆதரவு 9 மாதம்தான். எல்டிஎஸ்ஸுக்கு 5 வருடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே?

பதில் (புதுச்சேரி):
புது கெர்னல்தான் வேண்டுமென்றால் எல்டிஎஸ்ஸிலேயே எச்டபிள்யூஇ (HWE) கெர்னல், அதாவது புது ஹார்டுவேருக்காக எல்டிஎஸ்ஸுக்கு வரும் புதிய கெர்னல் போடலாம். மற்ற பாக்கேஜ்கள் அப்படியே இருக்கும். சரி, எதற்காம் புது கெர்னல்?

கேட்டவர்:
எடைமேடையின் சீரியல் கேபிளைக் கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டருக்காம்.

பதில் (புதுச்சேரி):
அட, இதற்கா! கன்வெர்ட்டரில் இருப்பது எஃப்டிடிஐ (FTDI) கம்பெனி சிப் என்றால் அதன் டிரைவர் பல வருடமாகக் கெர்னலிலேயே இருக்கிறது. செருகிவிட்டு dmesg கமாண்ட் காட்டும் கெர்னல் லாகைப் பாருங்கள். 'ttyUSB0' என்று வந்தால் கன்வெர்ட்டரைக் கெர்னல் அடையாளம் கண்டுவிட்டது; வென்டருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.