வான்கோழி வேட்டைக்கு எந்த சோக்? 12 கெஜத்தில் தவறவிட்டவன் கேட்கிறேன்

மலைநாட்டுப்_புதியவன்

சென்ற ஏப்ரலில் நடந்தது. டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில், லானோவுக்குப் பக்கத்தில், நண்பர் ஒருவரின் நிலம். விடிவதற்கு முன்பே போய் ஒரு லைவ் ஓக் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சேவல், அடைந்திருந்த மரத்திலிருந்தே ஐந்தாறு தடவை கத்தியது, அப்புறம் இறங்கியது, பாக்ஸ் கால் என்கிற, உரசினால் பெட்டையின் குரல் எழுப்பும் மரப்பெட்டியை நான் நான்கே தடவைதான் உரசியிருப்பேன், பெட்டை கூப்பிடுகிறது என்று நம்பி நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தது. 12 கெஜம். பிறகு அடி வைத்து அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். சுட்டேன். ஒரு துள்ளு துள்ளியது, பறந்தது, போயே போய்விட்டது. ஒரு இறகுகூட விழவில்லை.

துப்பாக்கி மாஸ்பெர்க் 500, 12 கேஜ் (கேஜ் என்பது பேரல் அகலத்தின் அளவு, எண் கூடினால் பேரல் சிறியது). முனையில் 0.660 எக்ஸ்ட்ரா ஃபுல் டர்க்கி சோக், அதாவது ரவைக் கூட்டம் சிதறாமல் நெருக்கிவிடுகிற குழாய். தோட்டாவுக்குள் 9ஆம் நம்பர் டங்ஸ்டன் ரவை (நம்பர் கூடினால் ரவை சிறியது), அதாவது எல்லோரும் டிஎஸ்எஸ் என்கிறார்களே அது. "இது இரண்டும் இருந்தால் 50 கெஜத்திலும் கவலை இல்லை" என்று கடையில் சொன்னார்கள். 50 கெஜத்துக்குக் கவலை இல்லை சரி, 12 கெஜத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. துப்பாக்கியோடு வந்த, இதைவிடத் தளர்வான சோக்குகள், மாடிஃபைடு, ஃபுல் இரண்டும் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. இந்த வசந்தத்துக்கு மாடிஃபைடுக்கே போய்விடலாமா? திட்டுவதென்றாலும் திட்டுங்கள், காரணத்தோடு திட்டுங்கள்.

மிசோரி_மாமா

எதற்குத் திட்டுவது தம்பி, தவறவிடாதவன் என்று ஒருவன் சொன்னால் அவன் காட்டுக்கே போகாதவன்.

ஆனால் ஒன்று. கூப்பிட்டுப் பக்கத்தில் வரவழைப்பதுதான் இந்த வேட்டையே. 30 கெஜத்துக்குள் வராத சேவலை நான் சுடுவதில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். ஓசார்க் மலைக்காட்டில் மரங்களுக்கு நடுவே அதற்குமேல் பார்வையும் எட்டாது. அந்தத் தூரத்துக்கு 0.660 எதற்கு? 12 கெஜத்தில் உன் ரவைக் கூட்டம் மொத்தமும் ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்குத்தான் விரிந்திருக்கும். சேவல் தலையோ நடக்கும்போது முன்னும் பின்னும் வெட்டிக்கொண்டே இருக்கும். நீ ஷாட்கன்னை ரைஃபிள் ஆக்கிவிட்டாய், ஆனால் குறி பார்ப்பது மட்டும் ஷாட்கன் மாதிரி.

என்னுடையது பழைய ரெமிங்டன் 870. சோக்கைக் கழற்றவே முடியாது, பேரலிலேயே கடைந்த ஃபுல். 5ஆம் நம்பர் ஈயம். இத்தனை வருடம் அதுதான். ஃபுல்லை மாட்டு, போ.

பேட்டர்ன்_பைத்தியம்

மாமா சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதிதான் ஆபத்து.

"30 கெஜத்துக்குமேல் சுடமாட்டேன்" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். 30 என்று நினைத்தது 30தானா? காட்டுக்குள் சரி. ஹில் கன்ட்ரியில் திறந்த வெளி, அங்கங்கே சீடர், அங்கங்கே மெஸ்கீட் (நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளி, முள்ளும் அதே முள்). அந்த வெட்டவெளியில் 45 கெஜம் கண்ணுக்கு 35 மாதிரித் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டர் வைத்துப் பார்த்து நானே பல தடவை அசடு வழிந்திருக்கிறேன்.

வான்கோழியை உடம்பில் சுட்டு வீழ்த்த முடியாது, சிறகும் நெஞ்சு இறகும் தாங்கிக்கொள்ளும். தலை, கழுத்தெலும்பு, அவ்வளவுதான் குறி, அது ஒரு கைப்பிடி அகலம். அதனால்தான் 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாடிஃபைடில் ஈயம் போட்டுவிட்டு அந்த 100ஐக் காட்டுங்கள் பார்க்கலாம். தவறவிட்ட சேவல் அடுத்த வாரம் மறுபடி கத்தும். கழுத்தில் இரண்டு ரவை வாங்கிக்கொண்டு ஓடிய சேவல் புதருக்குள் போய்ச் சாகும். எது மோசம்?

12 கெஜத்தில் தவறியது சோக்கின் குற்றம் இல்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கியிருப்பீர்கள், பேரல் முனை மணியை மட்டும் பார்த்திருப்பீர்கள், சூடு தலைக்கு மேலே போயிருக்கும். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ஒரு ரெட் டாட் மாட்டுங்கள். 0.660 அப்படியே இருக்கட்டும்.

மிசோரி_மாமா

பேட்டரி போட்ட புள்ளி இல்லாமல் 12 கெஜத்தில் ஒரு கோழியைச் சுட முடியாதா? காலம் கெட்டுவிட்டது.

இருபது_கேஜ்

இரண்டு பேரும் சோக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். தோட்டாவை விட்டுவிட்டு சோக்கை மட்டும் பேசுவது, அரிசி என்னவென்று கேட்காமல் தண்ணீர் அளவைச் சொல்வது மாதிரி.

முதலில் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். 0.660 என்பது சோக் முனையின் உள்விட்டம், அங்குலத்தில். அது தனியாக ஒன்றும் சொல்லாது. 12 கேஜ் பேரலின் வழக்கமான உள்விட்டம் 0.729. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நெருக்கம், இங்கே 0.069. சாதாரண ஃபுல்லில் அது 0.035 சுமார், மாடிஃபைடில் 0.020 சுமார். அதே மாஸ்பெர்க்கின் 835ஐ எடுத்தால் பேரலே 0.775 அகலம், அதோடு வரும் டர்க்கி சோக் 0.695. எண்ணைப் பார்த்தால் தளர்வு மாதிரித் தெரியும், கழித்துப் பார்த்தால் 0.080, உங்களுடையதைவிட இறுக்கம். "நண்பன் 0.660 வைத்திருக்கிறான், நானும் வாங்கினேன்" என்பதற்கு அர்த்தமே இல்லை.

அப்புறம் ஈயமும் டங்ஸ்டனும் ஒன்றில்லை. ஈயம் மென்மை. ரொம்ப நெருக்கினால் ரவைகள் நசுங்கி, உருண்டை போய், பக்கவாட்டில் சிதறும், நடுவில் ஓட்டை விழும். அதனால் சில துப்பாக்கிகளில் ஈயத் தோட்டா 0.660ஐவிட ஃபுல்லில் நன்றாகவே விழும். டங்ஸ்டன் நசுங்காது. அடர்த்தி 18, ஈயம் 11 சொச்சம். எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு, அடர்த்தியை விட்டத்தால் பெருக்குவது. 9ஆம் நம்பர் டங்ஸ்டன், 18 × 0.08 = 1.44. மாமாவின் 5ஆம் நம்பர் ஈயம், 11 × 0.12 = 1.32. ஆக, கடுகு மாதிரி இருக்கிற ரவை அந்தப் பெரிய ரவைக்குக் குறையாமல் இறங்குகிறது. ஆனால் அவுன்சுக்கு ஈயம் 170, டங்ஸ்டன் 360க்குப் பக்கம். எண்ணிக்கையே இரட்டிப்பானபின் அதை இன்னும் ஏன் இறுக்க வேண்டும்?

நான் 20 கேஜில் ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் போடுகிறேன், 540 ரவை. துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக்தான். தோள் வலிக்காது, சேவலும் விழுகிறது.

கடைசி_பெஞ்ச்

கேஜ், கெஜம், இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கொல்கிறீர்கள். 20 கேஜா 20 கெஜமா என்று மூன்று தடவை படித்தேன்.

பக்கத்துக் கேள்வி ஒன்று. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இதையெல்லாம் கையால் தொடலாமா?

இருபது_கேஜ்

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது. மாநிலச் சட்டம் தனி. விசா விஷயம், முன்பின் தெரியாத என் பேச்சை நம்பாமல் வக்கீலைக் கேளுங்கள். டெக்சாஸ் என்றால் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் முடிக்க வேண்டும்.

பேட்டர்ன்_பைத்தியம்

அக்கா, கணக்கு அழகு. ஆனால் டங்ஸ்டன் தோட்டா ஒன்று பத்துப் பதினைந்து டாலர். ஐந்து வெடித்தால் ஒரு வாரத்து மளிகை. எத்தனை பேர் அதைக் காகிதத்தில் சுட்டுப் பார்க்கிறார்கள்? மூன்று டாலர் ஈயத் தோட்டா வாங்குகிறவனுக்கு இறுக்கமான சோக்தானே துணை? ஈயம் நசுங்கும் என்கிறீர்கள், செம்பு பூசிய கடின ஈயம் அவ்வளவு நசுங்காது. என் 12 கேஜில் 2 அவுன்ஸ் 5ஆம் நம்பர் ஈயம், 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் ஃபுல்லில் 78 விழுந்தது, 0.660இல் 117. மூன்று சூட்டின் சராசரி. நசுங்கியதாகத் தெரியவில்லை.

இருபது_கேஜ்

உங்கள் துப்பாக்கியில் அப்படி. என் வீட்டுக்காரரின் 12 கேஜில் அதே 0.660, அதே 5ஆம் நம்பர், ஃபுல்லைவிட 20 ரவை குறைவு. காகிதம் இன்னும் கராஜில் தொங்குகிறது. நான் "சில துப்பாக்கிகளில்" என்றுதான் எழுதினேன்.

இன்னொன்று, யாராவது இதைப் படித்துவிட்டு வாத்துக்கு வாங்கிய ஸ்டீல் தோட்டாவை டர்க்கி சோக்கில் போட்டுத் தொலைக்காதீர்கள். ஸ்டீல் நசுங்கி வழிவிடாது, சோக் வீங்கும், பேரலும் போகலாம். பல சோக்குகளின் மேலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள். டங்ஸ்டனும் கடினம்தான், ஆனால் அந்தத் தோட்டாவில் பேரலைக் காப்பாற்ற ரவையைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் உறை (வாட்) இருக்கும்.

மிசோரி_மாமா

இங்கிலாந்தின் நியூகாசிலில் பேப் என்ற துப்பாக்கித் தொழிலாளி 1866இல் சோக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இல்லை, எங்கள் ஃபிரெட் கிம்பிள்தான் முதலில் செய்தார் என்று இல்லினாய்ஸ் வாத்து வேட்டைக்காரர்கள் சண்டை போட்டார்கள். கண்டுபிடித்தது யார் என்பதிலேயே சண்டை. நீங்கள் மூன்றாவது தசம இடத்துக்குச் சண்டை போடுவதில் ஆச்சரியமே இல்லை.

பைத்தியம் தம்பிக்கு ஒரு கேள்வி. 0.660 கையில் இருந்தால் 40இல் நிறுத்துவீர்களா? நான் பார்த்தவர்கள் யாரும் நிறுத்தவில்லை. இறுக்கமான சோக் வாங்கியவன் அடுத்த வருடம் 55 கெஜத்தில் சுட்ட கதை சொல்கிறான். நீங்கள் சொன்ன அந்தப் புதருக்குள் சாகிற சேவல், அதற்கு அப்படித்தான் ரவை விழுகிறது.

பேட்டர்ன்_பைத்தியம்

நியாயமான அடி. ஒரு தடவை 52இல் சுட்டிருக்கிறேன். விழுந்தது. ஆனாலும் சுட்டிருக்கக் கூடாது, அன்று காற்று வேறு.

இருந்தாலும் அது சுடுகிறவனின் புத்தி, சோக்கின் குற்றம் இல்லை. புதியவன் தம்பி, நாங்கள் கத்துவதைக் கேட்டு முடிவு எடுக்காமல் சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போங்கள். அகலமான பேப்பர் ரோல், நடுவில் ஒரு புள்ளி, சாண்ட்பேக் மேல் துப்பாக்கி. 12, 25, 40 கெஜம், மூன்று சோக்கும். முதலில் மலிவான தோட்டாவில் சூடு எங்கே போகிறது என்று பாருங்கள், அப்புறம் விலை உயர்ந்தது. வந்து எண்ணிக்கையைப் போடுங்கள்.

மலைநாட்டுப்_புதியவன்

போய் வந்தேன். தோள் பச்சை நிறத்தில் இருக்கிறது, மனைவி இன்னும் பேசவில்லை, தோட்டாச் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் டங்ஸ்டன் தோட்டா ஒன்றேமுக்கால் அவுன்ஸ். 40 கெஜத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் 0.660இல் 271, ஃபுல்லில் 204, மாடிஃபைடில் 131. ஆக, டங்ஸ்டன் என்றால் மாடிஃபைடே 100ஐத் தாண்டுகிறது, அக்கா சொன்னது சரி. 2 அவுன்ஸ் 5ஆம் நம்பர் ஈயத்தில் 0.660 மட்டும்தான் 100ஐத் தாண்டியது, 109. ஃபுல் 81, மாடிஃபைடு 44. அதில் பைத்தியம் அண்ணன் சரி. நடுவில் ஓட்டை எதுவும் இல்லை.

இப்போது 12 கெஜம். 0.660இல் டங்ஸ்டன், என் முஷ்டி அளவுக்கு ஒரே கிழிசல். அது பரவாயில்லை. வேட்டையில் சுடுவது மாதிரி கையில் பிடித்துச் சுட்டால், அந்தக் கிழிசல் நான் குறி வைத்த புள்ளிக்கு 4 அங்குலம் மேலே. மூன்று தடவையும் அப்படியே. சாண்ட்பேக் மேல் கன்னத்தை அழுத்தி வைத்துச் சுட்டும் 2 அங்குலம் மேலே. சென்ற ஏப்ரலில் நான் அதன் கழுத்து நடுவில் குறி வைத்தேன், மொத்தக் கூட்டமும் தலைக்கு மேலே போயிருக்கிறது. அதே தூரத்தில் மாடிஃபைடு, சாப்பாட்டுத் தட்டில் முக்கால்வாசி அகலம். மேலே போனாலும் கீழ் விளிம்பு கழுத்தில் பட்டிருக்கும்.

பேட்டர்ன்_பைத்தியம்

கன்னத்தைத் தூக்கினீர்கள் என்று முதல் பதிவிலேயே சொன்னேன்.

மிசோரி_மாமா

மாடிஃபைடாக இருந்தால் விழுந்திருக்கும் என்று அவனே எழுதியிருக்கிறான், கடைசி வரியைப் படி.

இருபது_கேஜ்

மாமா, நீங்கள் சொன்னது ஃபுல்.

மலைநாட்டுப்_புதியவன்

முடிவு இது. ஃபுல் சோக், டங்ஸ்டன், 40 கெஜத்துக்கு மேல் கிடையாது. ரெட் டாட் வாங்கிவிட்டேன், மாமா மன்னிக்க வேண்டும், அந்த 2 அங்குலத்தை அதில்தான் சரி செய்ய முடிந்தது. குறி இனிமேல் இறகு முடிந்து வெறுங்கழுத்து தொடங்குகிற இடம், நடுக்கழுத்து இல்லை. சேவல் 15க்குள் வந்துவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும்வரை காத்திருப்பேன்.

0.660 விற்பனைக்கு. மாஸ்பெர்க் 500க்குப் பொருந்தும், 835க்குப் பொருந்தாது, மரை வேறு. பன்னிரண்டே சூடு சுட்டது.

பேட்டர்ன்_பைத்தியம்

எவ்வளவு? தபால் செலவு யாருடையது?