சொந்த ஆட்டு ரோமத்தில் பொம்மை: ஏன் உதிர்ந்துகொண்டே இருக்கிறது?

கானாடுகாத்தான் பேத்தி:
எங்கள் வீட்டில் பதினோரு செம்மறி நிற்கிறது, எல்லாம் அப்பத்தா வளர்ப்பு. கம்பளியை அதற்கென்றே உள்ள ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிப் பொம்மை செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஆடு இருக்கும்போது கம்பளியை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு ஆட்டைப் பிடித்துக் கண்மாயில் குளிப்பாட்டி, ரோமத்தைக் கத்தரியால் வெட்டி, சோப்பில் அலசிக் காயவைத்துக் குத்த ஆரம்பித்தேன். அய்யனார் கோயில் மண் குதிரை மாதிரி சின்னதாக ஒன்று செய்யலாம் என்று ஆசை. மூன்று நாள் குத்தியும் உருண்டைகூடச் சேரவில்லை, கையில் எடுத்தால் உதிர்கிறது. இரண்டு ஊசி வேறு உடைந்துவிட்டது. அப்பத்தா பார்த்துச் சிரிக்கிறார். நான் அலசியதில் தப்பா, ஊசியில் தப்பா?

ஊசிக்காரி:
இரண்டிலும் இல்லை, ஆட்டில்தான் விஷயம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை. அது கறிக்காக வளர்க்கிற ஆடு, அதன் உடம்பில் இருப்பது கம்பளி இல்லை, முடி. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு துருத்திக்கொண்டு நிற்கும், இழையும் சுருளாக இருக்கும், அதனால்தான் குத்தும்போது ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகுகிறது. முடியில் அந்தச் செதில் படிந்து வழவழவென்று கிடக்கும், நீளமும் போதாது. நீங்கள் மூன்று மாதம் குத்தினாலும் அப்படியேதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து, சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு உள்ளங்கையில் பத்து நிமிடம் உருட்டிப் பாருங்கள். கம்பளி என்றால் கெட்டியாக உருண்டுவிடும்.

ஊசி உடைவது சாய்த்துக் குத்துவதால். எந்தப் பக்கமாக உள்ளே போகிறதோ அதே கோட்டில் வெளியே வர வேண்டும். நம்பர் கூடக்கூட ஊசி மெலியும்: உருவம் பிடிக்க 36, மேல் பூச்சுக்கு 40. அடியில் கெட்டி ஸ்பாஞ்ச் வைத்துக் குத்துங்கள், தொடையில் வைத்துக் குத்தி நான் பட்டது போதும்.

கரூர்க்காரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் தமிழ்நாட்டு ஆடு எல்லாமே முடி ஆடு என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சி கருப்பு, கோயம்புத்தூர்க் குறும்பை இரண்டிலும் கம்பளி உண்டு, முரட்டுக் கம்பளி, போர்த்துகிற கருப்புக் கம்பளி அதில் நெய்வதுதான். பொம்மையின் உள்ளுடம்புக்கு முரட்டு ரகமே நல்லது, சீக்கிரம் இறுகும். மேலே மெல்லியதாகப் போர்த்த நீலகிரி ஆட்டுக் கம்பளி கிடைத்தால் அருமை. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பாரத் மெரினோ என்ற மெல்லிய கம்பளி ஆடு வளர்க்கிறார்கள். ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள்.

கம்பளி கிடைத்தால் அலசுவதில் மட்டும் கவனம். நல்ல சூட்டுத் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, அமுக்கி ஊறவைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். துணி மாதிரி கசக்கினால் வாளிக்குள்ளேயே இறுகிப் பாயாகிவிடும். சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கும் மாற்றாதீர்கள். அப்புறம் நாய்க்குச் சீவுகிற கம்பிச் சீப்பு இரண்டு வாங்கிச் சீவிக்கொள்ளுங்கள்.

ஊசிக்காரி:
இன்னொன்று, வெட்டிய முடியைத் தூக்கிப் போடாதீர்கள். குதிரைக்குப் பிடரியும் வாலும் வேண்டுமே! நீளமான முடியாகப் பார்த்து எடுத்து நடுவில் நூலால் கட்டி மடித்து, கட்டிய இடத்தை உடம்போடு தைத்து, மேலே கொஞ்சம் கம்பளி வைத்துக் குத்திவிட்டால் அசையாது. நன்றாகக் காயாமல் பெட்டியில் வைத்தால் மட்டும் பூச்சி வந்துவிடும்.

கானாடுகாத்தான் பேத்தி:
சோப்பு வைத்து உருட்டிப் பார்த்தேன், பத்து நிமிடத்துக்கு அப்புறமும் கையில் ஈர முடிதான். சரி என்று, திருச்சிப் பக்கம் ஆடு வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி ஒரு பை கருப்புக் கம்பளி வரவழைத்தேன். நேற்று ராத்திரி குதிரை நின்றுவிட்டது, நாலு காலில், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தபடி. கருப்புக் குதிரை, வெள்ளை வால். வால் மட்டும்தான் எங்கள் ஆடு. அப்பத்தாவிடம் முழுக் குதிரையும் நம் ஆடுதான் என்று சொல்லியிருக்கிறேன், கருப்பு எப்படி வந்தது என்று இன்னும் கேட்கவில்லை.